தாய்க்குப் பாடம் எடுத்த மருத்துவமனைகள்



நம் மேடைகளில் அதிகம் பேசப்படாத ஒன்றை இந்த ஆண்டு நினைவுரைக்கு எடுத்துக்கொண்டிருக்கிறோம். நம் வீடுகளில் பிள்ளைகள் அடிபடுவது பற்றிப் பேசப்போகிறோம். பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் சாதியைச் சொல்லி அடித்தால் சாலைக்கு வருகிறோம், மனு கொடுக்கிறோம், வழக்குப் போடுகிறோம். அதே பிள்ளை வீட்டில் விளக்குமாற்றால் அடிவாங்கினால் அது குடும்ப விஷயம் ஆகிவிடுகிறது. இந்த மௌனத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. சேரிக்காரர்கள் குடிப்பார்கள், அடித்துக்கொள்வார்கள், பிள்ளை வளர்க்கத் தெரியாதவர்கள் என்று ஊர் எப்போதும் சொல்லிக்கொண்டிருக்கிறது. வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு நாமே அவலை அள்ளிப் போட வேண்டுமா என்று தயங்குகிறோம்.

அடி நம் தெருவோடு நிற்பதில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். 2007இல் ஒன்றிய அரசின் பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நேரடியாகக் கேட்டு ஓர் ஆய்வை வெளியிட்டது. மூன்றில் இரண்டு குழந்தைகள் உடல்ரீதியாகத் துன்புறுத்தப்பட்டிருந்தார்கள். குடும்பத்துக்குள் அடிபட்டவர்களில் 88.6 சதவீதத்தினரை அடித்தவர்கள் பெற்றோர்களே. அக்ரகாரத்திலும் அடிக்கிறார்கள், அடுக்குமாடிக் குடியிருப்பிலும் அடிக்கிறார்கள். சுவர் கெட்டியாக இருந்தால் சத்தம் வெளியே வருவதில்லை, அவ்வளவுதான்.

இதை இப்போது பேசுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. குழந்தைகள் மீதான வன்முறையைத் தடுக்கப் பெற்றோருக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டிருக்கிறது. பிரசவ வார்டு, தடுப்பூசி நாள், செவிலியரின் வீட்டு வருகை என்று பெற்றோரை மருத்துவத் துறை சந்திக்கும் இடங்களெல்லாம் பயிற்சிக்கு ஏற்ற இடங்கள் என்ற கருத்து பல நாடுகளில் வேரூன்றிவிட்டது. நல்லதுதானே என்று தோன்றும். நமக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் யார் யாருக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள், கற்றுக்கொடுக்கிறவர் கையில் என்ன அதிகாரம் இருக்கிறது என்று கேட்காமல் எந்தப் பள்ளிக்கூடத்துக்குள்ளும் நுழைய முடியாது என்பது நம் முன்னோர் பட்டறிவு. இந்தப் பயிற்சிகளின் வரலாறு மிக விரிவாகப் பதிவாகியிருக்கும் நாடு அமெரிக்கா. 1946இல் அம்பேத்கர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதிய காலத்திலிருந்து அந்த நாட்டுக் கறுப்பின மக்களின் அனுபவத்தை நாம் கவனித்து வருகிறோம். இதிலும் கவனிக்க நிறைய இருக்கிறது.

அமெரிக்க அரசு 1912இல் குழந்தைகளுக்கென்று தனி அலுவலகம் ஒன்றைத் தொடங்கியது. அதன் முதல் தலைவர் ஜூலியா லாத்ரப் என்ற பெண்மணி. அந்த அலுவலகம் செய்த முதல் பெரிய வேலை, பென்சில்வேனியாவின் ஜான்ஸ்டவுன் என்ற எஃகு ஆலை நகரத்தில் வீடு வீடாகப் போய்ப் பச்சைக் குழந்தைகள் ஏன் சாகின்றன என்று கணக்கெடுத்தது. தகப்பனின் கூலி உயர உயரக் குழந்தைச் சாவு குறைந்தது. கணக்கு அவ்வளவு தெளிவாக இருந்தது. அதே அலுவலகம் 1914இல் குழந்தை வளர்ப்பு பற்றித் தாய்மார்களுக்கு அறிவுரை சொல்லும் ஒரு சிறு நூலை அச்சிட்டது. அந்த நூல் பல பதிப்புகள் கண்டு நாடெங்கும் பரவியது. கூலிக் கணக்கு அலமாரிக்குப் போனது. தாய்க்குப் புத்தகம் கொடுப்பது மலிவு. தகப்பனுக்குக் கூலி கொடுப்பது செலவு.

அதுவரை பேச்சு குழந்தைச் சாவைப் பற்றியது. அடியைப் பற்றிய பேச்சு மருத்துவத்துக்குள் நுழைந்தது எக்ஸ்ரே வழியாக. 1946இல் ஜான் காஃபி என்ற கதிரியல் மருத்துவர், மூளையைச் சுற்றி இரத்தக் கசிவு இருந்த ஆறு கைக்குழந்தைகளுக்குக் கைகால் எலும்புகளும் முறிந்திருப்பதைக் கண்டு எழுதினார். யார் அடித்தார்கள் என்று அவர் எழுதவில்லை. அதைச் சொல்ல 16 ஆண்டுகள் ஆயின. 1962 ஜூலையில் டென்வர் நகரத்துக் குழந்தை மருத்துவர் ஹென்றி கெம்பியும் அவருடைய சகாக்களும் எழுதிய கட்டுரை வந்தது. நாஜிகளின் பிடியிலிருந்து தப்பி வந்த யூதச் சிறுவன் வளர்ந்து ஆன மருத்துவர் அவர். 71 மருத்துவமனைகளிலிருந்து ஒரே ஆண்டில் 302 குழந்தைகளின் விவரங்களைத் திரட்டியிருந்தார்கள். அவர்களில் 33 பேர் இறந்திருந்தார்கள். 85 பேருக்கு மூளையில் நிரந்தரப் பாதிப்பு. பெற்றவர்கள் இப்படிச் செய்வார்கள் என்று நம்ப மருத்துவர்களுக்கே மனம் வருவதில்லை என்று அந்தக் கட்டுரை வெளிப்படையாகப் பேசியது.

அதன் பிறகு நடந்த வேகம் வியப்பானது. ஐந்தே ஆண்டுகளில் எல்லா மாநிலங்களும் புகார்ச் சட்டம் இயற்றின. குழந்தை அடிபட்டிருப்பதாக மருத்துவருக்குச் சந்தேகம் வந்தால் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். குழந்தைக்காக ஓர் அரசு இவ்வளவு வேகமாக ஓடினால் மகிழத்தான் வேண்டும். ஆனால் அது எந்தப் பக்கம் ஓடியது என்றும் பார்க்க வேண்டும். 1971இல் செனட்டர் வால்டர் மாண்டேல் முன்னின்று கொண்டுவந்த ஒரு மசோதா நாடு முழுவதும் குழந்தைக் காப்பகங்களை அரசுச் செலவில் அமைக்க வழிசெய்தது. இரு அவைகளிலும் நிறைவேறிய பிறகு குடியரசுத் தலைவர் நிக்சன் அதை ரத்து செய்தார். குழந்தை வளர்ப்பது குடும்பத்தின் வேலை, அதில் அரசு நுழையக்கூடாது என்பது அவர் சொன்ன காரணத்தின் சாரம். அதே மாண்டேல் 1974இல் குழந்தைவதைத் தடுப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தார். இந்த முறை நிக்சன் கையெழுத்திட்டார். காப்பகத்துக்காக நுழையக் கூடாத வீட்டுக்குள் விசாரணைக்காக நுழையலாம் என்று ஆயிற்று.

சட்டத்தை நிறைவேற்றிக்கொள்ள மாண்டேல் ஒரு விலை கொடுத்தார். இது ஏழைகளின் பிரச்சினை மட்டுமல்ல, எல்லா வர்க்கத்திலும் நடப்பது என்று திரும்பத் திரும்பச் சொன்னார். வறுமை ஒழிப்பு என்று பேசினால் ஓட்டு விழாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து 1978இல் லெராய் பெல்டன் என்ற ஆய்வாளர் இதை ‘வர்க்கமின்மை என்னும் கட்டுக்கதை’ என்று எழுதினார். எல்லா வர்க்கத்திலும் நடக்கிறது என்பது உண்மை. எல்லா வர்க்கத்திலும் ஒரே அளவில் நடக்கிறது என்பது பொய். கடுமையான காயங்களும் சாவுகளும் மிக ஏழ்மையான வீடுகளில்தான் குவிந்திருந்தன. வறுமையின் பங்கை மறைத்துவிட்டால் மிஞ்சுவது பெற்றோரின் குணம் ஒன்றுதான். குணத்தைத் திருத்த வகுப்பு எடுக்கலாம்.

இந்த இடத்தில் சற்று முன்பு நாமே சொன்ன வாக்கியத்தைத் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது. அக்ரகாரத்திலும் அடிக்கிறார்கள் என்றோம். அது ஊர் வாய்க்கு நாம் சொல்லும் பதில். நமக்குள் பேசும்போது அது போதாது. பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் படுக்கும் வீட்டில், விடிகாலை நான்கு மணிக்குத் துப்புரவு வேலைக்குப் போய்த் திரும்பும் தாயின் கை ஓங்குவதற்கும், வேலைக்காரி வைத்திருக்கும் வீட்டில் கை ஓங்குவதற்கும் பின்னாலிருக்கும் காரணங்கள் வேறு. அடிபடும் பிள்ளைக்கு வலி ஒன்றுதான்.

கெம்பி புகாரோடு நின்றுவிடவில்லை. ஸ்காட்லாந்தில் குழந்தை பிறந்த ஒவ்வொரு வீட்டுக்கும் ஏழை பணக்காரர் வேறுபாடில்லாமல் சுகாதாரச் செவிலியர் போய்வருவதைப் பார்த்துவிட்டு, அமெரிக்காவிலும் அப்படி வேண்டும் என்று 1970களின் நடுவில் வாதாடினார். அந்த வாதத்துக்குச் சான்று வந்தது நியூயார்க் மாநிலத்தில் எல்மைரா என்ற சிறு நகரத்திலிருந்து.

எல்மைராவைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். குழந்தைவதைப் புகார்கள் மிக அதிகமாகப் பதிவான பகுதி அது. டேவிட் ஓல்ட்ஸ் என்ற இளம் ஆய்வாளர் 1970களின் கடைசியில் அங்கே முதல் பிரசவத்துக்குக் காத்திருந்த 400 பெண்களைச் சேர்த்துக் குலுக்கல் முறையில் பிரித்தார். ஒரு பகுதியினருக்கு வழக்கமான மருத்துவ வசதி. இன்னொரு பகுதியினருக்குச் செவிலியர் வீட்டுக்கே வருவார். கர்ப்ப காலத்தில் சராசரியாக ஒன்பது முறை, பிறகு குழந்தைக்கு இரண்டு வயது ஆகும்வரை 23 முறை. ஏழைகள், பத்தொன்பது வயதுக்கு உட்பட்டவர்கள், மணமாகாதவர்கள் ஆகியோரைத்தான் குறிப்பாகத் தேடினார்கள். ஆனாலும் முதல் குழந்தையைச் சுமக்கும் எந்தப் பெண் வந்து கேட்டாலும் சேர்த்துக்கொண்டார்கள். இது ஏழைகளுக்கான திட்டம் என்ற முத்திரை விழுந்துவிடக் கூடாது என்பதற்காக. முத்திரை என்றால் என்னவென்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அந்தச் செவிலியர் என்ன செய்தார்? குழந்தை ஏன் அழுகிறது என்று சொல்லிக்கொடுத்தார். பாலூட்டுவது, உடம்புக்கு வந்தால் எப்போது ஆஸ்பத்திரிக்குப் போவது எல்லாம் சொன்னார். அதோடு, விட்ட படிப்பைத் தொடர வழி கேட்டார், வேலை தேட உதவினார், அடுத்த குழந்தை எப்போது வேண்டும் என்று அவளையே யோசிக்கச் சொன்னார், பாட்டியையும் தோழியையும் பேச்சுக்குள் கொண்டுவந்தார். பாடத்தில் பாதி குழந்தையைப் பற்றியதே அல்ல, தாயின் வாழ்க்கையைப் பற்றியது.

1986இல் வந்த முதல் முடிவுகளில், மணமாகாத ஏழைப் பதின்வயதுத் தாய்மாரில் செவிலியர் வராதவர்களிடையே 19 சதவீதம் பேர் மீது முதல் இரண்டு ஆண்டுகளில் குழந்தையைத் துன்புறுத்தியதாகவோ கவனிக்காமல் விட்டதாகவோ உறுதியான பதிவு இருந்தது. செவிலியர் வந்தவர்களிடையே அது 4 சதவீதம். அந்தக் குழு சிறியதுதான். அதை வைத்து மட்டும் எதுவும் சொல்லிவிட முடியாது. ஆனால் 15 ஆண்டுகளுக்குப் பிறகு எல்லாக் குடும்பங்களையும் தேடிப் பார்த்தபோதும் இப்படிப்பட்ட பதிவுகள் செவிலியர் வந்த வீடுகளில் ஏறக்குறைய பாதியாக இருந்தன. 

2000இல் இதே குடும்பங்களைப் பற்றி வந்த இன்னொரு கட்டுரையை இந்தத் திட்டத்தைப் புகழ்கிறவர்கள் குறைவாகவே மேற்கோள் காட்டுகிறார்கள். வீட்டில் தாயே அடிக்கடி அடிபட்டுக்கொண்டிருந்தால் செவிலியர் வருகையின் பலன் குழந்தைக்குக் கிடைக்கவில்லை. டாஸ்மாக் வாசலில் பெண்கள் மறியல் செய்தபோது பிள்ளைகளுக்காகவும் சேர்த்துத்தான் நிற்கிறோம் என்று சொன்னார்களே, அதை எல்மைராவின் கணக்கு வேறொரு மொழியில் சொல்கிறது.

அடுத்து பஃபலோ. மார்க் டயஸ் என்ற நரம்பியல் அறுவை மருத்துவர் 1998 டிசம்பரில் மேற்கு நியூயார்க்கின் பிரசவ மருத்துவமனைகளில் ஓர் எளிய முறையைத் தொடங்கினார். அழும் கைக்குழந்தையைக் கோபத்தில் பிடித்துக் குலுக்கினால் மூளையில் இரத்தம் கசியும், கண் போகும், உயிரும் போகும். தாயும் தகப்பனும் வீட்டுக்குப் போகும் முன் ஒரு தாளைக் கொடுத்து, படம் காட்டி, புரிந்துகொண்டோம் என்று கையெழுத்து வாங்கினார்கள். அடுத்த ஐந்தரை ஆண்டுகளில் அந்தப் பகுதியில் இத்தகைய தலைக்காயங்கள் 47 சதவீதம் குறைந்தன. செலவு மிகக் குறைவு. பல மாநிலங்கள் ஆர்வத்தோடு எடுத்துக்கொண்டன. பென்சில்வேனியா மாநிலம் முழுக்க அதே டயஸ் செய்து பார்த்தார். பெற்றோருக்கு அறிவு கூடியது, மருத்துவமனைக்கு வரும் தலைக்காயங்கள் குறையவில்லை. வடக்கு கரோலைனாவில் செய்த இதுபோன்ற முயற்சியிலும் அப்படித்தான்.

ஏன்? அழுகையைப் பற்றித் தெரிந்திருப்பது ஒன்று. மூன்று நாள் தூங்காமல், நாளை வேலைக்குப் போகாவிட்டால் சம்பளம் இல்லை என்ற நிலையில் அந்த அழுகையைத் தாங்குவது வேறொன்று. இதற்கு நேரடிச் சான்று கலிஃபோர்னியாவில் கிடைத்தது. அந்த மாநிலம் 2004இல் குழந்தை பிறந்த தாய்க்கும் தகப்பனுக்கும் ஆறு வாரம்வரை சம்பளத்தில் ஒரு பகுதியோடு விடுப்பு கொடுக்கத் தொடங்கியது. குழந்தைவதையைத் தடுக்கவென்று யாரும் அதைக் கொண்டுவரவில்லை. ஆனால் 2016இல் வெளியான ஓர் ஆய்வு, விடுப்புச் சட்டம் இல்லாத மாநிலங்களோடு ஒப்பிட்டால் கலிஃபோர்னியாவில் கைக்குழந்தைகள் இந்தத் தலைக்காயத்தோடு மருத்துவமனையில் சேர்க்கப்படுவது குறைந்திருந்தது என்று காட்டியது. ஏழைத் தொழிலாளருக்குக் கையில் பணமாகத் திரும்பும் வரிச்சலுகை பற்றியும் இதே போன்ற முடிவு அடுத்த ஆண்டு வந்தது. ஜான்ஸ்டவுன் கணக்கு நூறு ஆண்டு கழித்து அலமாரியிலிருந்து இறங்கியது என்று சொல்லலாம்.

இனி, மருத்துவமனையின் கண். யாரைப் பார்த்து அதற்குச் சந்தேகம் வருகிறது? 1999இல் டென்வரிலிருந்து வந்த ஆய்வு, அடியால் தலைக்காயம் பட்ட 173 குழந்தைகளின் ஆவணங்களைப் பின்னோக்கிப் படித்தது. முதல் முறை மருத்துவரிடம் வந்தபோது 54 பேருக்கு அது அடி என்று கண்டுபிடிக்கப்படவில்லை. தவறவிடப்பட்டவர்கள் பெரும்பாலும் வெள்ளைக் குழந்தைகள், தாயும் தகப்பனும் சேர்ந்து வாழும் வீட்டுக் குழந்தைகள். மருத்துவர் அந்தப் பெற்றோரைச் சந்தேகிக்கவில்லை. ‘நல்ல குடும்பம்’ என்ற நம்பிக்கையால் அந்தக் குழந்தைகள் மறுபடி அடிவாங்க வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். மறுபக்கம், 18 வயதுக்குள் குழந்தைகள் நலத்துறை விசாரணையைச் சந்திக்கும் கறுப்பினக் குழந்தைகள் 53 சதவீதம் என்று 2017இல் ஒரு மதிப்பீடு வந்தது. சட்டப் பேராசிரியர் டொரோத்தி ராபர்ட்ஸ் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இதையே எழுதிவருகிறார்: உதவி கேட்டுப் போகும் கறுப்பினத் தாய், பிள்ளையை இழந்துவிடுவோமோ என்ற பயத்தில் உதவி கேட்பதையே நிறுத்திவிடுகிறாள். கற்றுக்கொடுக்க வரும் செவிலியரும் சட்டப்படி புகார் கொடுக்கக் கடமைப்பட்டவர். ஒரே ஆள், இரண்டு வேலை. தாய்க்கு எந்த வேலைக்காக அவர் வந்திருக்கிறார் என்று தெரியாது.

அடியை மறைக்க வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. கெம்பியின் 302 குழந்தைகளில் ஒருவரைக்கூட இந்த வாதத்தால் காப்பாற்றியிருக்க முடியாது. புகார் வேண்டும், சட்டம் வேண்டும். பயிற்சியும் வேண்டும் என்றே எல்மைரா நமக்குச் சொல்கிறது. எந்தக் கையால் அது வருகிறது என்பதுதான் நம் கேள்வி.

நம் ஊருக்கு வருவோம். இங்கே வீட்டு வருகை புதிதல்ல. கிராம சுகாதார செவிலியரை நர்சம்மா என்று கூப்பிட்டே இரண்டு தலைமுறை வளர்ந்திருக்கிறது. தாய் சேய் நலத்தில் தமிழ்நாடு காட்டிய முன்னேற்றத்தில் அவர்கள் கால்வலிக்குப் பெரிய பங்கு உண்டு. காலனிக்குள் வராமல் அங்கன்வாடியில் உட்கார்ந்துகொண்டு கூப்பிட்டனுப்பும் நர்சம்மாவையும் நாம் பார்த்திருக்கிறோம்; நம் வீட்டுப் பெண்ணே நர்சம்மாவாகப் போய் ஊர்த் தெருவில் திண்ணைக்கு மேல் ஏற முடியாமல் நின்றதையும் பார்த்திருக்கிறோம். எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் இந்தத் திண்ணை வராது.

தாய்க்கு ஓய்வும் கூலியும் வேண்டும் என்ற பேச்சும் இங்கே பழையது. 1928 ஜூலை 28 அன்று பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு உதவி மசோதாவை ஆதரித்து அம்பேத்கர் பேசினார். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன், எனவே அதன் சுமையில் பெரும்பங்கை அரசே ஏற்க வேண்டும், ஆனாலும் அவளுடைய உழைப்பால் ஆதாயம் அடையும் முதலாளிக்கும் அதில் பொறுப்பு உண்டு என்பது அவர் வாதம். அடுத்த ஆண்டு சட்டம் வந்தது. ஆலைத் தொழிலாளிப் பெண்களுக்கு மட்டும். நடவுக்கும் களையெடுப்புக்கும் போன நம் பாட்டிமார் அதற்கு வெளியே நின்றார்கள். 2017இல் மகப்பேறு விடுப்பு 26 வாரமாக உயர்ந்தபோதும் அவர்கள் பேத்திகள் வெளியேதான் நிற்கிறார்கள்.

அவர்களுக்காக இருப்பது 1987இல் 300 ரூபாயோடு தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம். 2006இல் 6,000, 2011இல் 12,000, 2018இல் 18,000 என்று உயர்ந்தது. நல்ல திட்டம், நாம் போராடியும் காக்க வேண்டிய திட்டம். அதன் விதிகளில் இரண்டு மட்டும் இங்கே நினைவுபடுத்துகிறோம். இரண்டு பிரசவங்களுக்கு மட்டுமே உண்டு. தாய்க்கு 19 வயது நிறைந்திருக்க வேண்டும். சிறுவயதுத் திருமணத்தை ஊக்குவிக்கக் கூடாது என்பது இரண்டாவது விதிக்குச் சொல்லப்படும் காரணம்; சிறுவயதுத் திருமணத்தை நாமும் எதிர்க்கிறோம். ஆனால் எல்மைராவில் யாருக்காக இந்த வேலையே முதலில் தொடங்கப்பட்டதோ, யாரிடம் 19 சதவீதம் 4 ஆனதோ, அந்தப் பெண்ணைத்தான் இந்த விதி வெளியே நிறுத்துகிறது.

பதினெட்டுக்கும் கீழே இருந்தால் நிலைமை இன்னும் மோசம். 2012 போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, பதினேழு வயதுக் கர்ப்பிணி மருத்துவமனைக்கு வந்தால் மருத்துவர் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். வன்கொடுமைக்கு ஆளான சிறுமிக்கு அந்தச் சட்டம் பாதுகாப்பு. காதலித்தவனோடு போய்விட்ட நம் தெருப் பெண்ணுக்கோ, அவளைக் கட்டிக்கொண்டவன் சிறைக்குப் போகும் வழி. சாதி மாறிப் போயிருந்தால் பெண் வீட்டார் கையில் அதுவே ஆயுதமும். 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், கருக்கலைப்புக்கு வரும் சிறுமியின் பெயரையும் அடையாளத்தையும் மருத்துவர் வெளியிடத் தேவையில்லை என்றது. பிள்ளையைப் பெற்றுக்கொள்ள வருகிறவள் எந்தத் துணிச்சலில் ஆரம்ப சுகாதார நிலையத்தின் படியேறுவாள்? பலர் ஏறுவதில்லை. ஏறுகிறவர்கள் 19 என்று வயதைக் கூட்டிச் சொல்கிறார்கள், ஆதார் அட்டை கேட்டால் கொண்டுவரவில்லை என்கிறார்கள். குழந்தை வளர்ப்புப் பயிற்சி எவ்வளவு நல்ல பாடத்திட்டத்தோடு தடுப்பூசி நாளில் தொடங்கினாலும், அங்கே வராமல் வீட்டில் ஒளிந்திருக்கும் அந்தப் பெண்ணுக்கு நர்சம்மாவை யார் அனுப்புவது, போகும் நர்சம்மாவின் பையில் புகார்ப் படிவம் இருக்கலாமா கூடாதா என்று மகப்பேறு உதவிக்காகவும் போக்சோ வழக்குகளுக்காகவும் வேலை செய்யும் நம் தோழர்கள் ஒன்றாக உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது. இரண்டு தரப்பாரும் இன்று இந்த அரங்கில் இருக்கிறார்கள்.